அடைபடாத ஓட்டைகள்: இணையக் கருவிகளும் தீநிரல்களும்

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டரையும், கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிசிடிவி கேமராவையும், அந்தக் கேமரா எடுப்பதைச் சேமித்து வைக்கும் டிவிஆர் பெட்டியையும் வாங்குகிறவர்கள், மின்விசிறியையும் மிக்ஸியையும் போல ஒருமுறை இணைத்துவிட்டால் பழுதாகும்வரை ஓடும் பொருள்களாகவே அவற்றைக் கருதுகிறார்கள். உண்மையில் அவை ஒவ்வொன்றும் திரையும் விசைப்பலகையும் இல்லாத கணினி. பெரும்பாலானவற்றின் உள்ளே லினக்ஸ் இயங்குதளத்தின் சிறு வடிவம் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி என்றால் அதில் மனிதர் எழுதிய நிரல் இருக்கும், நிரல் என்றால் அதில் பிழை இருக்கும், அந்தப் பிழைகளில் சில வெளியாள் உள்ளே நுழைய வழிவிடும் என்பது கணினித் துறை நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருக்கும் உண்மை. மேசைக் கணினியிலும் கைபேசியிலும் இத்தகைய பிழைகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. சுவரில் மாட்டிய பெட்டியில் அவை பல ஆண்டுகள் அப்படியே கிடக்கின்றன.

வெளியாளுக்கு வழிவிடும் பிழையைப் பாதுகாப்பு ஓட்டை என்றும், அதன் வழியே நுழைந்து கருவியைத் தன் வசப்படுத்தும் நிரலைத் தீநிரல் என்றும் சொல்லலாம். துறையினர் அன்றாடப் பேச்சில் பின்னதை மால்வேர் என்பார்கள். ஓட்டைகளில் யாருக்கும் தெரியாத புதிய ஓட்டை ஒரு வகை. கண்டுபிடிக்கப்பட்டு, பெயரும் எண்ணும் இடப்பட்டு, உலகம் முழுவதும் அறிவிக்கப்பட்ட ஓட்டை மற்றொரு வகை. அமெரிக்காவின் மைட்டர் என்னும் ஆய்வு நிறுவனம் 1999 முதல் நடத்திவரும் சிவிஇ என்னும் பொதுப் பட்டியலில் சேரும் ஒவ்வோர் ஓட்டைக்கும் ஆண்டோடு சேர்ந்த ஓர் எண் தரப்படுகிறது. யாருக்கும் தெரியாத ஓட்டையைத் தேடிப் பிடிக்கும் மேதைகளைப் பற்றிய கதைகளே செய்திகளில் அதிகம் பேசப்பட்டாலும், இணையக் கருவிகளுக்கு நேர்ந்த பெருங்கேடுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் மிகப் பல இந்த இரண்டாம் வகையால், அதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அடைக்கப்படாத ஓட்டைகளால் விளைந்தவையாகவே இருக்கின்றன.

தெரிந்த ஓட்டை எப்படி ஆயுதமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது அறிவிக்கப்படும் முறையை முதலில் பார்க்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்துத் தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கிறார். தயாரிப்பாளர் பேட்ச் எனப்படும் திருத்த நிரலை உருவாக்கி வெளியிடுகிறார். அதன் பின் விவரங்கள் பொதுவெளிக்கு வருகின்றன. இந்த ஒழுங்கு மிகவும் தேவையானது, ஏனெனில் அறிவிப்பு இல்லாவிட்டால் திருத்த வேண்டும் என்பதே பயனாளருக்குத் தெரியாமல் போகும். ஆனால் அதே அறிவிப்பைத் தீநிரல் எழுதுகிறவரும் படிக்கிறார் என்பதும், விவரம் எதுவும் தராமல் திருத்தத்தை மட்டும் வெளியிட்டாலும் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தே ஓட்டை இருந்த இடத்தை அவர் கண்டுகொள்வார் என்பதும் இந்த ஏற்பாட்டில் தவிர்க்க முடியாத விலை. அறிவிப்பு வந்த நாளுக்கும், ஒரு குறிப்பிட்ட வீட்டின் ரவுட்டரில் அந்தத் திருத்தம் உண்மையிலேயே ஏறும் நாளுக்கும் இடைப்பட்ட காலம்தான் தீநிரலின் விளைநிலம். கைபேசியில் அது சில நாட்களிலோ வாரங்களிலோ முடிந்துவிட, ரவுட்டரிலும் கேமராவிலும் பெரும்பாலும் அந்தக் கருவி குப்பைக்குப் போகும் வரை நீள்கிறது.

எங்கோ ஒரு தெருவில் இருக்கும் கேமராவை உலகின் மறுகோடியில் இருப்பவர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார் என்ற ஐயம் பலருக்கு எழுவது இயல்பு. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளின் பழைய அமைப்பில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும் கணினிக்கு அது சிறிது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஸீமேப் என்னும் மென்பொருள், நல்ல வேகமுள்ள இணைப்புடன் கூடிய ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் அத்தனை முகவரிகளின் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டியது. எனவே தாக்குகிறவர் யாரையும் தேடுவதில்லை. எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டுகிறார், திறந்த கதவுக்குள் நுழைகிறார். தன் கேமராவில் யாருக்கு என்ன அக்கறை என்று சிறு கடைக்காரர் நினைப்பதில் நியாயம் இருந்தாலும், தட்டுகிற நிரலுக்குக் கடையின் பெயரோ அளவோ தெரியாது.

இந்த முறையின் முழு வலிமையை உலகுக்குக் காட்டியது 2016 ஆகஸ்டில் வெளிப்பட்ட மிராய் என்னும் தீநிரல். ஜப்பானிய மொழியில் எதிர்காலம் என்று பொருள்படும் இப்பெயர் கொண்ட நிரல், இப்போது திரும்பிப் பார்க்கும்போது வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. கருவிகளைத் தொலைவிலிருந்து இயக்குவதற்காக 1960களின் இறுதியில் உருவான டெல்நெட் என்னும் பழைய வழிமுறை, எத்தனையோ கேமராக்களிலும் டிவிஆர்களிலும் தொழிற்சாலையிலேயே திறந்துவைக்கப்பட்டிருந்தது. மிராய் தற்போக்கில் முகவரிகளைத் தேர்ந்தெடுத்து அந்த வாசலைத் தட்டியது, திறந்தால் தன்னிடமிருந்த அறுபதுக்குச் சற்று அதிகமான பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளிலிருந்து சிலவற்றைப் போட்டுப் பார்த்தது. அட்மின் என்ற பெயருக்கு அட்மின் என்றே கடவுச்சொல், ரூட் என்ற பெயருக்கு 12345 என்பது போன்ற, தயாரிப்பாளர்களே வைத்துவிட்டுப் போன சொற்கள்தாம் அந்தப் பட்டியல் முழுவதும் இருந்தன. பொதுவில் தெரிந்த தொழிற்சாலைக் கடவுச்சொல்லும் ஓர் ஓட்டைதான் என்பதால், மிராயின் கதை தெரிந்த ஓட்டைகளின் கதையிலிருந்து வேறானதன்று.

நுழைந்த பிறகு அது செய்ததைக் கூர்ந்து பார்ப்பது பயனுடையது. இத்தகைய சிறு கருவிகளில் அடிப்படைக் கட்டளைகள் யாவும் பிஸிபாக்ஸ் என்னும் ஒரே நிரலுக்குள் அடக்கப்பட்டிருக்கும். மிராய் அந்த பிஸிபாக்ஸிடம் மிராய் என்ற கட்டளையை இயக்கும்படி கேட்கும். அப்படியொரு கட்டளை எங்கும் இல்லை. மிராய் என்ற கட்டளை இல்லை என்று கருவி முறைப்படி பதில் சொன்னால், தான் உண்மையான கருவிக்குள்தான் நிற்கிறோம் என்பதை நிரல் உறுதிப்படுத்திக்கொள்ளும். பிறகு கருவியின் முகவரியும் கடவுச்சொல்லும் மற்றொரு சர்வருக்குப் போகும். அங்கிருந்து வருகிற ஏற்றுநிரல் கருவியில் இருப்பது ஆர்ம் சில்லா, மிப்ஸ் சில்லா, வேறொன்றா என்று பார்த்து அதற்கேற்ற தீநிரலை இறக்கும். இறங்கிய நிரல் தன் கோப்பை அழித்துவிட்டு நினைவகத்தில் மட்டும் வாழும், தன் பெயரைப் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றிக்கொள்ளும், தான் நுழைந்த டெல்நெட் வாசலை மூடி, ஏற்கெனவே குடியிருந்த வேறு தீநிரல்கள் இருந்தால் அவற்றையும் கொன்றுவிடும். நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால் கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களுக்குள் வேறோர் இடத்திலிருந்து அதே நிரல் மறுபடி வந்து தட்டும்.

இப்படி வசப்படுத்தப்பட்டு ஒரே தலைமையின் ஆணைக்குக் காத்திருக்கும் கருவிக் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர். முதல் 20 மணி நேரத்தில் ஏறத்தாழ 65,000 கருவிகளைப் பிடித்த மிராய், உச்சத்தில் 6 லட்சம் கருவிகளை ஆண்டதாக 2017இல் வெளியான விரிவான ஆய்வு கணக்கிட்டது. அத்தனை கருவிகளும் ஒரே நேரத்தில் ஓர் இலக்கை நோக்கித் தகவல் பொட்டலங்களை அனுப்பினால் அந்த இலக்கு மூச்சுத் திணறி நின்றுவிடும். சேவை மறுப்புத் தாக்குதல் எனப்படும் இதன் மூலம் 2016 செப்டம்பரில் ஓர் அமெரிக்கப் பாதுகாப்புச் செய்தியாளரின் தளம் நொடிக்கு 620 கிகாபிட் அளவு வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் மிராயின் மூலநிரலை எழுதியவர்களே பொதுவில் போட்டுவிட, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றியமைக்கும் சரக்காக அது ஆயிற்று. அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவையை நடத்திவந்த டின் என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. மூலநிரலை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான சர்வர்களை வாடகைக்கு விடும் தொழிலில் எழுந்த போட்டியே மிராயின் பின்னணியில் இருந்தது என்பது, உலகை உலுக்கும் தாக்குதலுக்குப் பெரிய நோக்கமோ பெரும் பணமோ தேவைப்படவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த விவகாரத்தில் மக்கள் கவனத்துக்கு அதிகம் வராத ஒரு செய்தி உண்டு. தாக்குதலில் பங்கேற்ற கேமராக்களிலும் டிவிஆர்களிலும் கணிசமானவை, சீனாவின் ஷியோங்மாய் என்னும் நிறுவனம் செய்த உள்பலகைகளை வாங்கி வெவ்வேறு நிறுவனங்கள் தத்தம் பெயரொட்டி விற்றவை. அவற்றில் டெல்நெட்டுக்கான கடவுச்சொல் நிரலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் பொறுப்போடு அமைப்புப் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தப் பக்கத்தின் கடவுச்சொல்தான் மாறுமே தவிர, டெல்நெட்டின் கடவுச்சொல் மாறாது. பயனாளர்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்று அறிவுரை சொல்லி முடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் மூட முடியாத கதவை வைத்து விற்றவரிடம்தான் முதல் பொறுப்பு இருக்கிறது.

கடவுச்சொல்லைத் தாண்டி, நிரல் பிழைகளைப் பயன்படுத்தும் அடுத்த கட்டத்துக்கு மிராயின் வாரிசுகள் சில வாரங்களிலேயே நகர்ந்தன. 2016 நவம்பர் தொடக்கத்தில், அயர்லாந்தில் ஓர் இணையச் சேவை நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்த மோடெமில் உள்ள ஓட்டை ஒன்று பொதுவில் அறிவிக்கப்பட்டது. சேவை நிறுவனங்கள் தொலைவிலிருந்து மோடெமைப் பராமரிப்பதற்கென 7547 என்னும் எண்ணுள்ள போர்ட், அதாவது தகவல் நுழையும் வாசல், திறந்திருக்கும். அதன் வழியே மோடெமுக்கு, சரியான நேரத்தை எந்தச் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லலாம். அந்தச் சர்வரின் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், மோடெம் அதைப் பெயர் என்று எண்ணாமல் கட்டளையாகவே நிறைவேற்றிவிடும் என்பதுதான் கண்டறியப்பட்ட பிழை. அரசு அலுவலகப் படிவத்தில் தந்தை பெயர் என்ற கட்டத்துக்குள் 'அலமாரியைத் திறந்து சாவியை என்னிடம் கொடு' என்று ஒருவர் எழுதித் தர, எழுத்தர் அதைப் படித்த கையோடு எழுந்து போய் அலமாரியைத் திறந்தால் எப்படியோ அப்படி. கட்டளைப் புகுத்தல் எனப்படும் இந்த வகைப் பிழை, வந்த சொல் பெயரா கட்டளையா என்று சரிபார்க்கும் ஓரிரு வரிகளை எழுதாததால் உண்டாவது. ரவுட்டர்களிலும் கேமராக்களிலும் இன்றுவரை திரும்பத் திரும்பக் காணப்படுவதும் இதுவே.

அறிவிப்பு வந்து மூன்று வாரங்களுக்குள், அந்தக் கட்டத்தில் எழுதி அனுப்பப்பட்ட கட்டளை இதுதான்: தற்காலிகக் கோப்பகத்துக்குப் போ, இந்த முகவரியிலிருந்து இந்தக் கோப்பை இறக்கு, அதற்கு இயங்கும் அனுமதி கொடு, இயக்கு. இயங்கத் தொடங்கிய நிரல் முதல் வேலையாக 7547ஆம் வாசலை அடைத்து, தனக்குப் பின் வேறு யாரும் அவ்வழியே வராதபடி பார்த்துக்கொண்டது. தயாரிப்பாளர் அடைக்காமல் விட்ட வாசலைத் திருடர் அடைத்தார். இந்தத் தேடல் அலை நவம்பர் 27 அன்று ஜெர்மனியை எட்டியபோது டாய்ச்சே டெலிகாம் நிறுவனத்தின் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு அறுந்தது. அங்கிருந்த ரவுட்டர்களில் அந்தக் கட்டளை பலிக்கவில்லை, தீநிரல் அவற்றில் குடியேறவும் இல்லை; விடாமல் வந்து தட்டியதைத் தாங்க முடியாமல் அவை செயலிழந்தன. இதை நடத்திய பிரிட்டன் நாட்டவர் 2017 பிப்ரவரியில் கைதாகி, ஜூலையில் கொலோன் நகர நீதிமன்றத்தில் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

ஓர் ஓட்டை ஒரே நிறுவனத்தின் ஒரே பொருளோடு நிற்பதில்லை என்பதே இந்த விஷயத்தில் மிகவும் கவலை தருவது. ரவுட்டர் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் சில்லைத் தாமே செய்வதில்லை. தைவானின் ரியல்டெக் போன்ற நிறுவனங்களிடம் சில்லையும், அதோடு வரும் அடிப்படை நிரல்தொகுப்பையும் சேர்த்தே வாங்கி, மேலே தம் பெயரையும் வண்ணத்தையும் பூசுகின்றன. அந்த அடிப்படைத் தொகுப்பில் பிழை இருந்தால் அது எல்லாப் பெயர்களுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. ரியல்டெக் தொகுப்பில் இருந்த கட்டளைப் புகுத்தல் ஓட்டை ஒன்று 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது, விரைவிலேயே மிராய் வழிவந்த தீநிரல்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. 66 நிறுவனங்களின் ஏறத்தாழ 190 வகைக் கருவிகள் பாதிக்கப்படக்கூடியவை என்றும், 2022 டிசம்பர் வரை 13 கோடிக்கும் அதிகமான நுழைவு முயற்சிகள் பதிவாயின என்றும் பின்னர் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது. சில்லு நிறுவனம் திருத்தம் வெளியிட்டாலும், அதை ரவுட்டர் நிறுவனம் தன் ஃபர்ம்வேரில், அதாவது கருவிக்குள் பதிந்த இயக்க நிரலில் சேர்க்க வேண்டும். இணையச் சேவை நிறுவனம் சோதித்து அனுமதிக்க வேண்டும். கடைசியில் வீட்டிலிருப்பவர் அதை ஏற்ற வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நகராவிட்டாலும் மற்றவர்களின் வேலை வீண். வீட்டிலிருப்பவருக்கோ தன் ரவுட்டருக்குள் ரியல்டெக் சில்லு இருப்பதே தெரியாது, பெட்டியில் அந்தப் பெயர் அச்சிடப்படுவதும் இல்லை.

தீநிரல் குடியேறிய கருவி வழக்கம்போல் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் உரிமையாளருக்கு ஐயம் எழுவதில்லை. தாக்குதலுக்கு ஆள் சேர்ப்பதோடு நில்லாமல், அந்தக் கருவியின் ஐபி முகவரியை முகமூடியாக அணிந்து வேறு குற்றங்களைச் செய்வதும் இன்று பெருகியிருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, சீன அரசோடு தொடர்புடையதாகத் தான் குற்றம்சாட்டிய குழு ஒன்று அமெரிக்காவின் சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருந்த நூற்றுக்கணக்கான ரவுட்டர்களை இவ்வாறு ஒளிவிடமாகப் பயன்படுத்தியதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை, தயாரிப்பாளர் ஆதரவை முடித்துக்கொண்டதால் இனித் திருத்தமே வராத சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்கள். நீதிமன்ற அனுமதியோடு எஃப்பிஐ அந்தத் தீநிரலைத் தொலைவிலிருந்தே அகற்றியது என்றாலும், செய்த ஏற்பாடு ரவுட்டரை அணைத்துப் போட்டால் நீங்கிவிடக்கூடியது, அதன்பின் பழைய ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும் என்பதையும் அரசே சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 2017இல் தோன்றிய பிரிக்கர்பாட் என்னும் தீநிரல், ஓட்டையுள்ள கருவியைக் கைப்பற்றாமல் அதன் சேமிப்பகத்தை அழித்து ஒன்றுக்கும் உதவாத பெட்டியாக்கிவிடும். அப்படி அழித்தால்தான் அவை பாட்நெட்டில் சேராது என்பது அதை எழுதியவரின் வாதம். அவ்வாண்டு ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல் நிறுவனத்தின் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் பலருடைய மோடெம்கள் செயலிழந்தபோது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனம் வேண்டுகோள் விடுத்தது. பிரிக்கர்பாட்டை எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்றார். பிறர் பொருளை அழித்து அவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் இந்த வாதத்தை ஏற்க இயலாது. இணையம் அறுந்த வீட்டில் படிப்பும் தொழிலும் நின்றுபோனதற்கு அந்த வீட்டார் செய்த குற்றம் எதுவும் இல்லை.

வாங்குகிறவர் செய்யக்கூடியவை சில உண்டு, அவற்றைச் செய்வது நல்லதே: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றுவது, தானியங்கிப் புதுப்பிப்பு இருந்தால் அதை இயக்கிவைப்பது, வெளியிலிருந்து கருவியை நிர்வகிக்கும் வசதியை மூடுவது, திருத்தம் வருவது நின்றுபோன கருவியை மாற்றுவது. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2017 பிப்ரவரி முதல் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா, பாட்நெட்டில் சிக்கிய கருவிகளைக் கண்டறிந்து சீர்செய்ய உதவுகிறது.

ஆனால் காரணம் தொடங்கும் இடத்தில் கைவைக்கச் சட்டங்கள்தாம் வேண்டும், அவை இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஜனவரி முதல், இணையக் கருவிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது முதல் பயன்பாட்டில் பயனாளரே புதிதாக வைக்கும்படி இருக்க வேண்டும் என்றது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைத் தடைசெய்ததோடு, எவ்வளவு காலம் வரை பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் விற்கப்படலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்துள்ளது. கருவியின் பயன்பாட்டுக் காலம் அதைவிடக் குறைவாக இருந்தாலன்றி, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தம் தர வேண்டும் என்பது உள்ளிட்ட அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல்தான் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தும்.

அந்த நாளுக்கு முன் விற்பனைக்கு வந்த கருவிகளுக்குத் திருத்தம் தரும் கடமை பெரும்பாலும் பொருந்தாது. டி-லிங்க் ரவுட்டர்களில் 2015இல் அறிவிக்கப்பட்ட கட்டளைப் புகுத்தல் ஓட்டையை, ஏறத்தாழ பத்தாண்டுக்குப் பின் 2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் மிராய் வழிவந்த தீநிரல் ஒன்று உலகெங்கும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திறக்கும் கதவுகள் அப்போதும் அதற்குக் கிடைத்தன.